முன்ஷி அஹத் ஷாவின் நாற்பது ரஷ்யர்கள்

லே நகரத்தில் அஹத் ஷாவுக்குத் தெரியாமல் ஒரு குதிரை தும்மியதில்லை என்பார்கள். இது கொஞ்சம் மிகை. ஒன்றிரண்டு கழுதைகள் தும்மியிருக்கலாம்.

கடைவீதியின் கிழக்குக் கோடியில், யார்க்கண்டு வணிகர்கள் வந்து இறங்கும் சத்திரத்துக்கு எதிரே, ஒரு கம்பளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்துக்கொண்டு, அவர் இருபத்திரண்டு வருஷம் வெள்ளைக்கார துரைமார்களுக்கு முன்ஷியாக, அதாவது எழுத்தராக இருந்து செய்தி எழுதினார். ரஷ்யச் சக்கரவர்த்தி வடக்கேயிருந்தும் வெள்ளைக்காரன் தெற்கேயிருந்தும் ஆளுக்கொரு பக்கமாக மலைகளைக் கடித்துக்கொண்டே வந்த காலம் அது. நடுவில் கிடந்த எங்களை யாரும் எதுவும் கேட்டதில்லை, ஒன்றைத் தவிர: அந்தப் பக்கம் என்ன நடக்கிறது? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அஹத் ஷாவின் பிழைப்பு.

அப்பா காஷ்மீரத்துச் சால்வை வியாபாரி, அம்மா லடாக்குக்காரி. அதனால் பிறந்த வீட்டிலேயே இரண்டு மொழி; சத்திரத்தில் துருக்கி, துரைகளிடம் இந்துஸ்தானி, மதரசாவில் பாரசீகம். ஐந்திலும் அவருக்கு உயிர் பாரசீகம்தான். ஒரு கோப்பை தேநீர் கேட்பதற்கு ஏழு அடைமொழி போடுவார். தேநீர் ஆறிவிடும், அடைமொழி முடியாது.

துரை வருஷத்தில் ஐந்து மாதம்தான் லேயில் இருப்பார். வைகாசியில் கணவாய்ப் பனி இளகியதும் வருவார். ஐப்பசியில் மறுபடி பனி விழுவதற்குள் ஓடிவிடுவார். அப்போது வந்திருந்தவர் வெதர்பி துரை. நல்ல மனிதர். தன் நாய்க்குக்கூடக் கம்பளிச் சட்டை தைத்துப் போட்டவர். வந்த முதல் வாரத்திலேயே செய்தி எழுதுவதற்கு ஒரு முறை வகுத்தார். ஒரு செய்தியை ஒருவன் சொன்னால் ஓரத்தில் ஒரு புள்ளி. வெவ்வேறு மூன்று பேர் சொன்னால் மூன்று புள்ளி. மூன்று புள்ளி விழுந்தது மேலிடத்துக்குப் போகும். எழுதுகிறவன் பெயர் எங்கேயும் வரக்கூடாது, எண்தான். அஹத் ஷாவுக்கு நான்காம் எண். ஒன்று, இரண்டு, மூன்று யாரென்பது பரம ரகசியம். அஹத் ஷாவுக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் அந்த மூன்று பேரும் அவரிடம் கேட்டுத்தான் எழுதினார்கள்.

அந்த வருஷம் ஆனி மாதம் ஷ்யோக் ஆற்றில் பெருவெள்ளம். வணிகக் கூட்டங்கள் அக்கரையில் முடங்கிவிட்டன. சத்திரத்தில் ஈ காக்கைகூட இல்லை. மூன்று வாரமாக அஹத் ஷா ‘செய்தி இல்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் துரை கூப்பிட்டுவிட்டார்.

“என்ன முன்ஷி இது? எடுத்துப் பார்த்தா ‘செய்தி இல்லை’, ‘செய்தி இல்லை’. மத்த ஊர்லேருந்தெல்லாம் வாரத்துக்கு எட்டுப் பக்கம் போகுது.”

“ஆறு பெருகிக் கெடக்கு சாகிப். அக்கரையில இருக்கிறவன் நீந்தியா வருவான்?”

“ரஷ்யன் மட்டும் ஆறு வத்தட்டும்னு காத்துக்கிட்டு இருப்பானா?” துரை நாயைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். “மேலிடத்துல கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. லேயில எதுக்கு ஒரு முன்ஷின்னு.”

அஹத் ஷா கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வயதில், ஐந்து மொழியையும் இரண்டு வலிக்கிற முழங்கால்களையும் வைத்துக்கொண்டு வேறு எந்தத் தொழிலுக்குப் போவார்? அன்று மத்தியானம் கம்பளத்தில் உட்கார்ந்து எழுதினார்: ‘பெரிய கணவாய்க்கு அப்பால், நான்கு நாள் தூரத்தில், பசும்புல் செழித்த ஒரு சமவெளியில், ரஷ்ய அதிகாரி ஒருவர் நாற்பது கொசாக் குதிரைவீரர்களோடு வந்திறங்கி, கயிறு பிடித்து நிலம் அளந்ததாகக் கேள்வி.’ ஓரத்தில் நேர்மையாக ஒரே ஒரு புள்ளி வைத்தார்.

ஏன் நாற்பது? முப்பத்தொன்பது என்றால் எண்ணிப் பார்த்தது போல இருக்கும். நாற்பது என்றால் கேள்விப்பட்டது போல இருக்கும். இதெல்லாம் தொழில் தெரிந்தவர்களின் நுணுக்கம். அடுத்த வாரம் ‘அவர்கள் திரும்பிப் போய்விட்டார்களாம்’ என்று எழுதி முடித்துவிடலாம் என்பது அவர் திட்டம். அந்த நாற்பது பேருக்கும் அவர் போட்டுக் கொடுத்த ஆயுள் ஏழு நாள்.

ஆறாம் நாளே ஆறு வடிந்தது. ஹாஜி தூர்சுன் பாய் என்ற யார்க்கண்டு வணிகர், எழுபது குதிரைகளில் கம்பளமும் பட்டும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். துரை பொறுமையில்லாமல் தானே சத்திரத்துக்கு வந்துவிட்டார்.

இந்த வழியில் ஒரு பழக்கம் உண்டு. முப்பது நாள் பனியில் நடந்து வந்தவனுக்கு முதல் கோப்பை தேநீரைக் கொடுத்துவிட்டு, “வழியெல்லாம் சுகமா?” என்பதற்கு மேல் ஒன்றும் கேட்கக்கூடாது. அவனாகச் சொல்லும்வரை சும்மா இருக்க வேண்டும். நாமாக ஒரு செய்தியைச் சொல்லிக் கேட்டுவிட்டோமானால் போச்சு. தேநீர் கொடுத்தவன் சொன்னதை மறுப்பது விருந்தாளிக்கு அழகல்ல. ஆமாம் என்று சொல்லி, மேலே கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதுதான் பண்பு. எங்கள் ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

துரை கோப்பையைத் தன் கையாலேயே நீட்டிவிட்டுக் கேட்டார்: “ஹாஜி, கணவாய்க்கு அந்தப் பக்கம் நாற்பது ரஷ்யக் குதிரைவீரங்க நிலம் அளந்தாங்களாமே, பார்த்தீங்களா?”

ஹாஜி தேநீரைப் பார்த்தார். துரையைப் பார்த்தார். பக்கத்தில் தாடியைத் தடவிக்கொண்டிருந்த அஹத் ஷாவைப் பார்த்தார்.

“நாற்பதா?” என்றார் மரியாதையோடு. “அறுபது இருக்கும் சாகிப்.”

அந்த இடத்தில் அஹத் ஷா வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதற்காக அவர் பிற்பாடு எத்தனையோ முறை தன்னையே திட்டிக்கொண்டார். அடுத்து வந்த வணிகர், வழியில் ஹாஜியின் ஆட்களைச் சந்தித்தவர். அவரும் ‘கேள்விப்பட்டேன்’ என்றார். மூன்றாவதாக, யார்க்கண்டு வழியில் இருந்த ஒரு வணிகரிடமிருந்து கடிதம் வந்தது: ‘லேயிலிருந்து திரும்பியவர்கள் சொல்லித்தான் எங்களுக்கே இந்தச் செய்தி தெரிந்தது.’ துரைக்குக் கடிதத்தின் முதல் பாதியைப் படிக்கப் பொறுமையில்லை. மூன்றாவது புள்ளியைத் தன் கையாலேயே வைத்தார்.

ஆவணி பிறந்ததும் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. டென்னிங் என்றொரு காப்டன் முப்பது சிப்பாய்களோடு கணவாயைத் தாண்டிப் போய் நேரில் பார்த்து வர வேண்டும். நூற்றிருபது சுமைக் குதிரைகளும் அவற்றை நடத்த வீட்டுக்கொரு ஆளும் வேண்டும். கிராமங்கள் முறை வைத்துக் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை முறை சாபூ கிராமத்துக்கு.

சாபூ, அஹத் ஷாவின் மனைவி பல்கிட் பிறந்த ஊர். லேயிலிருந்து இரண்டு மணி நேர நடை. அவள் தம்பி ஸ்டோப்தன் மறுநாள் காலையிலேயே வந்து அடுப்போரம் உட்கார்ந்தான். தேநீரைத் தொடவில்லை.

“மச்சான், வாற்கோதுமை முத்தி நிக்குது. இன்னும் பதினஞ்சு நாள்ல அறுக்கலேன்னா உறைபனி கொண்டுபோயிடும். என் பொண்டாட்டியோ பிள்ளை பெத்துப் படுத்திருக்கா. வீட்ல ஆம்பளைன்னு நான் ஒருத்தன்.”

“குதிரை?” என்றாள் பல்கிட்.

“ரெண்டுதான் மிச்சம்க்கா. போன தடவை முறைக்குப் போய் மூணு கணவாய்லயே விழுந்துடுச்சே. இதுங்களும் போயிட்டா நாங்க என்னத்தை வச்சுப் பிழைக்கிறது?” அவன் அஹத் ஷா பக்கம் திரும்பினான். “மச்சான், உங்களுக்குத் தெரியாத செய்தி உண்டா? அந்த ரஷ்யனுங்க நெசமாவே வந்தானுங்களா?”

அஹத் ஷா கோப்பைக்குள் எதையோ தேடினார். இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு அது போதும்.

“ஏங்க,” என்றாள் பல்கிட். “அந்த நாற்பது பேருக்கும் அப்பன் பேரு அஹத் ஷாவா?”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டோப்தன் கத்தியிருந்தால் தேவலை. அவன் கத்தவில்லை. தலைக் குல்லாயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, “அப்படியா மச்சான்” என்று மட்டும் சொன்னான். அஹத் ஷாவுக்கு அவமானமாக இருந்தது.

தான் பெற்ற ரஷ்யர்களைத் தானே ஒழித்துக் கட்டுவதென்று கிளம்பினார். முதலில் ‘அவர்கள் திரும்பிப் போய்விட்டதாகக் கேள்வி’ என்று எழுதிக் கொடுத்தார். துரை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “போயிட்டானா? எங்கே? எந்த வழியா? நம்ம பக்கமா?” உடனே காப்டனுக்கு இன்னும் இருபது குதிரை கூடுதலாகக் கேட்டு எழுதினார். அடுத்து, ‘கேள்விப்பட்டேன்’ என்ற வணிகரை அழைத்து வந்து, “எனக்கு ஒண்ணும் தெரியாது சாகிப், யாரோ சொன்னான்” என்று சொல்ல வைத்தார். துரை அவரை அனுப்பிவிட்டு, “பார்த்தியா முன்ஷி, யாரோ இவன் வாயை அடைச்சிருக்கான்” என்றார்.

கடைசியில் அஹத் ஷா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றார்.

“சாகிப், அந்தச் செய்தியை நான்தான் எழுதினேன்.”

“தெரியுமே. அருமையா எழுதியிருந்தே.”

“இல்ல சாகிப். நானா எழுதினேன். யாரும் வரல, யாரும் சொல்லல. நாற்பதும் நானே பண்ணினது.”

துரை மடியிலிருந்த நாயை இறக்கிவிட்டார். பிறகு எழுந்து வந்து, தோளில் கை வைத்து, “யாரு முன்ஷி உன்னை மிரட்டினது?” என்று அன்பாகக் கேட்டார். சொல்லத்தான் சொன்னேனே, நல்ல மனிதர். ஒரு பிஸ்கோத்தும் கொடுத்து, வீட்டு வாசலில் காவலுக்கு ஒரு சிப்பாயையும் போட்டார். அந்தச் சிப்பாய் பல்கிட் சுட்ட ரொட்டிகளை ஒரு வாரம் காவல் காத்தான், ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சிப்பாய்க்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே பல்கிட் ஒரு முடிவுக்கு வந்தாள்.

“முறைக்கு வீட்டுக்கொரு ஆம்பளை போகணும்னுதானே கணக்கு? மாப்பிள்ளையும் அந்த வீட்டு ஆம்பளைதான். நீங்க போங்க.”

“என் முழங்கால்...”

“நீங்க பெத்த புள்ளைங்க அங்க தனியா நிக்குதுங்க. அப்பன் போய்ப் பார்க்க வேண்டாமா?”

துரை அந்த வாரம்தான் காட்டாட்டு வேட்டைக்குப் புறப்பட்டார். திரும்ப ஒன்றரை மாதம் ஆகும். அஹத் ஷா கார்கிலில் உறவினருக்கு உடம்பு சரியில்லை என்று விடுப்பு வாங்கினார். இதுவும் பொய்தான், ஆனால் பழகிவிட்டது. சாபூ ஊர்த்தலைவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். சுமை ஏற்றும் நாளன்று, மச்சினனின் அழுக்கு அங்கியும் ஆட்டுத்தோலுமாக இரண்டு குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற அஹத் ஷாவை, ஊரே “வாங்க ரஷ்யரே” என்று வரவேற்றது. காப்டன் டென்னிங்குக்கு ஒன்றும் தெரியாது. எந்தக் காப்டனும் குதிரைக்காரன் முகத்தைப் பார்ப்பதில்லை, சுமை சாய்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பான்.

பதினெட்டு நாள் நடந்தார்கள். அந்த வழிக்கு அடையாளக் கல் கிடையாது, செத்த குதிரைகளின் எலும்புதான் வழி காட்டும். ஒவ்வொரு எலும்புக் குவியலிலும் அஹத் ஷாவுக்கு ஸ்டோப்தனின் மூன்று குதிரைகள் தெரிந்தன. இத்தனை வருஷம் ‘கணவாய்க்கு அப்பால்’ என்று ஒரே வரியில் எழுதித் தள்ளியவர், அந்த ஒரு வரியைக் காலால் நடந்து பார்த்தார். மூக்கில் ரத்தம் வந்தது. முழங்கால்கள் இரவல் வாங்கியவை போல ஆடின. ஆனால் தன் பங்கு மாவைப் பிசைந்து குதிரைகளுக்கு ஊட்டினார். கடும் ஏற்றங்களில் சுமையில் பாதியை இறக்கித் தன் முதுகில் கட்டிக்கொண்டார். “ஒளி பொருந்திய கண்மணிகளே, இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கத் திருவுளம் கொள்ளுங்கள்” என்று பாரசீகத்தில் கெஞ்சினார். அந்தக் குதிரைகளிடம் அவ்வளவு மரியாதையாக அதற்கு முன் யாரும் பேசியதில்லை.

சமவெளி வந்தது. கல்லும் காற்றும் தவிர ஒன்றுமில்லை. பசும்புல் என்று எழுதியிருந்தார். அந்தப் புல்லும் பொய். காப்டன் கால் மணி நேரம் சுற்றிவந்து, குனிந்து எதையோ எடுத்தார். உடைந்த கண்ணாடிக் கோப்பையின் அடித்துண்டு. அதில் ரஷ்ய எழுத்து.

“ஏய்!” என்று பக்கத்தில் நின்ற குதிரைக்காரனைக் கூப்பிட்டார். அது அஹத் ஷா. “இங்கே ரஷ்யப் படை வந்துச்சா?”

அவர் காத்துக்கொண்டிருந்த கேள்வி இதுதான். இங்கே உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். இனி எந்த ஊர்க் குதிரையும் இந்த எலும்புகளோடு சேர வேண்டியதில்லை. உணர்ச்சிவசப்பட்டதில் தான் யாராக வந்திருக்கிறோம் என்பதை மறந்துபோனார். கையை நெஞ்சில் வைத்து, தலை தாழ்த்தி, அடுக்கடுக்கான பாரசீகத்தில் ஆரம்பித்து, இந்துஸ்தானியில் முடித்தார்:

“வீரத்தின் மணிமுடியே, கருணையின் ஊற்றே! படைத்தவன் சாட்சியாகச் சொல்றேன். இந்த இடத்துக்கு ரஷ்யன் ஒருத்தன்கூட வந்ததில்லீங்க. இந்தக் கோப்பை யார்க்கண்டுக் கடைத்தெருவுல விக்கிறது. வணிகருங்க எல்லாரும் இதுலதான் குடிக்கிறாங்க. எங்க வீட்லயே ரெண்டு இருக்கு.”

காப்டன் கண்ணாடித் துண்டைப் பார்த்தார். ஆட்டுத்தோல் அங்கியைப் பார்த்தார். சிப்பாய்களில் சிலர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

“உனக்கு எந்த ஊரு?” என்றார் மெதுவாக.

“சாபூங்க.”

காப்டன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். திரும்பி நடந்தார்கள்.

இரண்டு குதிரைகளும் பிழைத்து வந்தன. ஒன்று கொஞ்சம் நொண்டியது. அதைவிட அஹத் ஷா அதிகம் நொண்டினார். ஸ்டோப்தன் அறுத்து, போரடித்து, மாவு அரைத்து வைத்திருந்தான். குதிரைகளின் கால்களைத் தடவிப் பார்த்துவிட்டு, மச்சானைக் கட்டிக்கொண்டு அழுதான். அஹத் ஷாவும் அழுதார், ஆனால் முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டார்.

குளித்து, தாடியைக் கத்தரித்து, தலைப்பாகை கட்டிக்கொண்டு துரையிடம் போனார். துரை வேட்டையிலிருந்து திரும்பியிருந்தார். வழியில் எதிரே வந்த காப்டன் “சலாம் முன்ஷி” என்று சொல்லிவிட்டுப் போனார். துரை ஒரே உற்சாகத்தில் இருந்தார்.

“உட்காரு. காஷ்மீரத்து மகாராஜாவோட அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதணும். முதல் விஷயம், இனிமே வருஷா வருஷம் ஆவணியில ஒரு படை கணவாய்க்கு அப்பால போய்ப் பார்த்து வரும்.”

அஹத் ஷாவின் பேனா நின்றது. வருஷா வருஷம். அறுவடை நேரத்தில். நூற்றிருபது குதிரை.

“எழுது, எழுது. ரெண்டாவது விஷயம், சாபூ கிராமத்துலேருந்து குதிரையோ ஆளோ இனிமே எடுக்கவே கூடாது.”

“சாபூ வேண்டாமா சாகிப்?”

“ஒரு குதிரைகூட வேண்டாம்! அந்த ஊர்க் குதிரைக்காரன் ஒருத்தன் காப்டன்கிட்ட ரஷ்யனே வரலைன்னு சத்தியம் பண்ணியிருக்கான். அதுவும் எதுல? பாரசீகத்துல! குதிரைக்காரன் பாரசீகம் பேசுவானா? ரஷ்யன் சொல்லிக்கொடுத்து அனுப்பினவன்தானே? வீட்ல ரஷ்யக் கோப்பை வேற வச்சிருக்கானாம், தானே ஒத்துக்கிட்டான்.” துரை காப்டனின் அறிக்கையைப் புரட்டினார். “இதோ எழுதியிருக்கார் பாரு. நாலாம் எண் கொடுத்த தகவல் அத்தனையும் உண்மை. சாபூக்காரன் சொன்னது அத்தனையும் பொய். உனக்குப் பாராட்டு வந்திருக்கு முன்ஷி.”

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் முதல் முதலாக நேரில் பார்த்துச் சொன்ன செய்தி, அந்தச் சாபூக்காரன் சொன்னதுதான். அஹத் ஷாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் குனிந்து, தன் அழகான கையெழுத்தில் ‘சாபூ தவிர்த்து’ என்று எழுதினார்.

சாபூ மூன்று நாள் கொண்டாடியது. பாடல், கூத்து, வாற்கோதுமைக் கள். அஹத் ஷா கள் குடிக்கமாட்டார் என்பதால் அவருக்கென்று தனியாக ஒரு வெண்ணெய்க் கட்டி. ஊர்ப் பெண்கள் அவருக்குக் கம்பளிச் சால்வை போர்த்தி, “ரஷ்யர் வாழ்க” என்று சத்தம் போட்டார்கள். ஸ்டோப்தனின் கைக்குழந்தைக்கு நாலாம் எண் என்று செல்லப்பெயர் விழுந்தது.

பனிக்காலம் போனது. வைகாசியில் கணவாய் திறந்து, துரை வருவதற்கு நான்கு நாள் முன்பு, அஹத் ஷாவின் வீட்டு வாசலில் ஆறு பேர் வந்து நின்றார்கள். பியாங் கிராமத்துத் தலைவரும் ஊர்ப் பெரியவர்களும். கையில் உலர்ந்த சர்க்கரைப் பாதாமிப் பழமும் ஒரு முழு வெண்ணெய்க் குடமும்.

“இந்த வருஷம் முறை எங்க ஊருக்கு வந்துடுச்சு முன்ஷி ஐயா,” என்றார் தலைவர், வெண்ணெய்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு. “நீங்க எங்க ஊர் ஆளா ஒரு தடவை கணவாய்க்கு வரணும். சுமையெல்லாம் நாங்க பார்த்துக்கறோம். நீங்க அந்தக் காப்டன் முன்னாடி நின்னு, உள்ளதை உள்ளபடி சொன்னாப் போதும்.”

“பாரசீகத்துல சொல்லுங்க,” என்றார் பின்னாலிருந்த ஒருவர். “அப்பத்தான் நம்ப மாட்டாங்களாம்.”

அஹத் ஷா தன் இரண்டு முழங்கால்களையும் பார்த்தார். பியாங்குக்குப் பிறகு நிம்மு, அதற்குப் பிறகு பாஸ்கோ, லிகிர் என்று ஊர்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. பல்கிட் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, வெண்ணெய்க் குடத்தை ஒரு கையால் தூக்கி எடை பார்த்தாள்.

“வந்தவங்களை உக்காரச் சொல்லுங்க,” என்றாள். “எத்தனை நாள் பயணம், எத்தனை குதிரைன்னு கேட்டுக்கங்க. இந்தத் தடவையாவது வயசான குதிரையா பார்த்துக் கேளுங்க, உங்க நடைக்குச் சரியா வரும்.”